நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது

அவளை வீட்டில் எல்லோரும் திருப்புளி என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சான்றிதழ்களில் தூங்கிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரை நினைத்து அண்ணன் கிண்டலாக வைத்த பெயர்தான் நிலைத்தது. ஸ்க்ரூ ஒன்று கண்ணில் பட்டால் அதைக் கழற்றிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. சின்ன வயதில் அலாரம் கடிகாரத்தைப் பிரித்தாள், ரேடியோவைப் பிரித்தாள், அப்பாவின் சவரப் பெட்டியைக்கூடப் பிரித்தாள். திரும்ப மாட்டும்போது ஒரு ஸ்க்ரூவாவது மிஞ்சும். "மிஞ்சினா என்ன, அது இல்லாமலே ஓடுதே!" என்பாள்.

கல்யாணமாகிப் போன வீட்டிலும் இதே கதைதான். மிக்ஸியின் சத்தம் ஒரு மாதிரியாக இருக்கிறது என்று வந்த புதிதிலேயே அதன் அடிப்பாகத்தைத் திறந்துவிட்டாள். கணவன் மருத்துவமனையில் நர்ஸ். நிதானத்துக்கே சம்பளம் வாங்குகிறவன். சிரித்துக்கொண்டு நின்றான். அவனுடைய அக்காதான் தலையில் கைவைத்துக்கொண்டாள். அந்த அக்கா அரசு அலுவலகத்தில் தபால் பிரிவில் வேலை பார்த்தவள். வருகிற தபாலுக்கெல்லாம் தேதி முத்திரை குத்தியே ஓய்வு பெற்று, தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள். திருப்புளிக்கும் அவள் அக்காதான். "நல்லா இருக்கிறத ஏன்டி தொடுற?" என்ற கேள்வியை அக்கா கேட்காத நாள் கிடையாது. இவள் பதில் சொன்ன நாளும் கிடையாது.

திருப்புளிக்கு வேலை, வீடுகளுக்கு பிளான் போடுவது. பாலிடெக்னிக் முடித்து ஓர் இன்ஜினியரிடம் இருந்தாள். அவர் அலுவலகத்தை மூடியபோது, முன்னறையின் மூலையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு தனியாக ஆரம்பித்தாள். மேஸ்திரிகள் போனில் மனையின் அளவைச் சொல்வார்கள். ஜன்னல் எங்கே, குளியலறை எங்கே என்று கேட்டு வரைந்து அனுப்புவாள். அவள் வரைந்த வீடுகளில் எத்தனையோ குடும்பங்கள் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றுக்குள்ளும் அவள் கால் வைத்ததில்லை. அதற்கு நேரம் இருந்ததில்லை, யாரும் கூப்பிட்டதுமில்லை.

வேலையெல்லாம் மேசைக்கு அடியில் இருந்த கணினிப் பெட்டியில்தான். பழைய கணினிகளை விற்கிற கடையில் வாங்கியது. வர வர அது நத்தையாகிவிட்டது. பொத்தானை அமுக்கிவிட்டு டீ போட்டுக் குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாலும், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேயிருக்கும். மற்றவர்களுக்கு அது ஓய்வு நேரமாக இருந்திருக்கும். அவளுக்கு அது முள்ளின்மேல் உட்கார்ந்திருப்பது. நகத்தைக் கடிப்பாள், மேசையில் தாளம் போடுவாள், எழுந்து போய் மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பாள்.

கடைசியில் புது ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கிவந்தாள். இந்தக் காலத்து வகை; சுழலும் தட்டு கிடையாது, சத்தம் கிடையாது, சீட்டுக்கட்டைவிட மெல்லியது. பழைய டிஸ்க்கில் இருப்பதை அச்சு அசலாக அதற்குப் பிரதி எடுத்துவிட்டு இடத்தை மாற்றினால் போதும், பெட்டி பறக்கும் என்று படித்திருந்தாள். பிரதி எடுத்து முடிந்தது ஒரு வியாழக்கிழமை காலையில். அன்று பேக்கரிக்காரர் வீட்டின் மாடிப்படி வரைபடத்தை மேஸ்திரிக்குக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குக் கூரை போட்டாகிவிட்டது, படி மட்டும்தான் பாக்கி. கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் ஆட்கள் அன்றைக்குத்தான் வருகிறார்கள். படத்தில் இன்னும் ஓரிரண்டு திருத்தங்கள் இருந்தன.

வேறு யாராக இருந்தாலும் திருத்தத்தை முடித்து, படத்தைக் கொடுத்து, மேஸ்திரியை அனுப்பிவிட்டுப் பெட்டியைத் திறந்திருப்பார்கள். அவளுக்கோ, புது டிஸ்க் மேசைமேல் கிடந்து கண்ணைச் சிமிட்டியது. மாற்றிவிட்டால் திருத்தமே நொடியில் முடியுமே! பிளக்கைப் பிடுங்கினாள். பக்கத் தகட்டைக் கழற்றினாள். பழையதை எடுத்துப் புதியதை வைத்து, இரண்டு ஒயர்களையும் செருகி, பிளக்கை மாட்டி, பொத்தானை அமுக்கினாள்.

விசிறி சுற்றியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. தொடங்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை. ஒன்றை வைத்துவிட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்தவும்.

"இருக்கே! உள்ளதானே வெச்சேன்!" என்று திரையிடம் சண்டை பிடித்தாள். விசையை அழுத்தினாள். அதே வரி இன்னொரு தடவை வந்தது.

ஒயரைப் பிடுங்கி மாட்டினாள். ஒயரையே மாற்றினாள். வேறு துளையில் செருகினாள். ஒவ்வொரு தடவையும் அணைக்கிறாள், குனிகிறாள், நிமிர்கிறாள், பொத்தானை அமுக்குகிறாள். ஒவ்வொரு தடவையும் அதே வரி. பிரதி சரியாக விழவில்லை போலிருக்கிறது, போகட்டும், பழையது இருக்கிறதே என்று சமாதானம் செய்துகொண்டு பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினாள்.

பழைய டிஸ்க்கும் எழவில்லை.

காலையில்கூட ஓடிய டிஸ்க் அது. முழுசாக முடித்த வீடுகளை வேறிடத்திலும் சேமித்து வைத்திருந்தாள். ஆனால் பேக்கரிக்காரர் வீடு அதில் மட்டும்தான் இருந்தது. கீழே போடவில்லை, தண்ணீர் படவில்லை. வெளியே எடுத்து உள்ளே வைத்ததற்கா செத்துப்போகும்?

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பக்கத் தகடு சுவரில் சாய்ந்திருப்பதும், இவள் முகம் வெளுத்திருப்பதும் தெரிந்தது.

"நல்லாத்தானே ஓடிட்டிருந்தது?"

"அக்கா, கொஞ்ச நேரம் பேசாம இரு."

"நான் பேசல. கேக்குறேன்."

மேஸ்திரி வந்தது அந்த நேரத்தில்தான். கனத்த உடம்புக்காரர், மெதுவாகப் பேசுவார். ஆனால் அவருடைய போன் ஓயவே ஓயாது. நாற்காலியில் உட்காருவதற்குள் இரண்டு தடவை அடித்தது. "வந்துட்டேன்ப்பா, கையில வாங்கினதும் கிளம்பிடுவேன்" என்று சொல்லிவிட்டு இவளைப் பார்த்தார்.

"ரெடியாம்மா?"

"அஞ்சு நிமிஷம் அண்ணே."

அஞ்சு நிமிஷம் என்பது அஞ்சு நிமிஷமல்ல என்று கட்டட வேலையில் இருக்கிறவருக்குச் சொல்லவா வேண்டும்? அவர் குனிந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "ஒரு தட்டு தட்டிப் பாரேன். எங்க கலவை மிஷினு அப்படித்தான் கிளம்பும்."

"இது கலவை மிஷின் இல்ல அண்ணே!"

"அதனாலதான் மெதுவா தட்டச் சொல்றேன்."

அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கணவனுக்குப் போன் செய்தாள். அவன் வார்டில் இருந்தான். தணிந்த குரலில், நோயாளியிடம் பேசுகிற மாதிரியே பேசினான்.

"பழசும் வரலையா? சரி, பதறாத. தண்ணி குடி."

"தண்ணி குடிச்சா டிஸ்க் வந்துருமா?"

"நீ குடிச்சா உனக்கு மூச்சு வரும். கடைக்காரர் நம்பர அனுப்பட்டா?"

கடைக்காரருக்கும் போன் செய்தாள். "பெட்டிய கொண்டாங்க மேடம். எல்லாத்தையும் அழிச்சிட்டு ஃபார்மேட் பண்ணி ஃப்ரெஷ்ஷா போட்டுரலாம்" என்றார் அவர். அழித்துவிட்டு என்ற சொல் காதில் விழுந்ததுமே இணைப்பைத் துண்டித்தாள். அழிக்கவா இத்தனை பாடு?

பெட்டியை மறுபடி தொடங்கி, ஆரம்பத்தில் வருகிற அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்தாள். நீலப் பின்னணியில் வரிசை வரிசையாக எழுத்துகள். அங்கே பழைய டிஸ்க்கின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. அப்படியென்றால் பெட்டிக்கு டிஸ்க் தெரிகிறது. தெரிந்தும் இல்லை என்கிறது. வாசலில் நிற்கிற விருந்தாளியைப் பார்த்துக்கொண்டே "யாரும் வரலையே" என்று சொல்கிற மாதிரி! மற்ற வரிகளில் எது முன்பு எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்துக்குள் அதுவரை அவள் போனதேயில்லை.

மேஸ்திரியின் போன் மறுபடி அடித்தது. கேட்டுவிட்டு எழுந்தார்.

"ஆளுங்க சும்மா நிக்கிறாங்கம்மா. நான் என்ன சொல்லட்டும்?"

அவள் பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இன்னும் ஒரு நிமிடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

"நானே வரேன். படி என் தலைக்குள்ள இருக்கு. சுவர்லயே வரைஞ்சு காட்டிடுறேன்."

"நீயா? சைட்டுக்கா?"

"ஏன், நான் வந்தா கூரை இடிஞ்சு விழுமா?"

அவருடைய வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனாள். போகிற வழியெல்லாம் அவள் உதடு படிகளை எண்ணிக்கொண்டேயிருந்தது.

வீடு சாம்பல் நிறத்தில், பூசாத சுவர்களோடு நின்றது. ஈர சிமெண்டு வாசனை. கதவில்லாத வாசலில் நுழைந்ததும் அவளுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் பிடிபடவில்லை. இது ஹால். அது சமையலறை. ஒவ்வொரு கோடும் அவள் இழுத்ததுதான். ஆனால் திரையில் உள்ளங்கை அளவுக்கு இருந்த ஹால் இப்போது அவளையே உள்ளே வாங்கிக்கொண்டு நின்றது. குரல் கொடுத்தால் எதிரொலித்தது. ஜன்னல் வழியாக விழுந்த வெயில் அவள் எந்தப் படத்திலும் போடாதது.

சென்ட்ரிங் ஆட்கள் பலகைகளின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். மட்டம் பார்க்கிற ரசமட்டத்தையும் நீலம் தோய்த்த நூலையும் வாங்கிக்கொண்டு சுவரோரம் மண்டியிட்டாள். தரையிலிருந்து முதல் படியின் உயரம், அதன் அகலம், அடுத்த படி. மேஸ்திரி ஒரு முனையைப் பிடிக்க, இவள் மறுமுனையை இழுத்து நூலைச் சுண்டினாள். சுவரில் நீலக் கோடு பளிச்சென்று விழுந்தது. கோட்டுக்குமேல் கோடாகப் படி ஏறிக்கொண்டே போனது. சேலையெல்லாம் நீலமும் தூசியும். அவளுக்கு அது தெரியவில்லை.

நான்கைந்து படி வந்ததும் கை நின்றது. தலையைத் தூக்கிப் பார்த்தாள். படிக்கு நேர் மேலே, கூரைக்கு அடியில் ஒரு பீம் தடிமனாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இந்த பீம் இவ்வளவு எறக்கமா இருக்கே?"

"இந்த வீட்டு இன்ஜினியர் பின்னாடி மாத்தினாரும்மா. மேல சுவர் வருதுன்னு கொஞ்சம் கனமாக்கிட்டார்."

"என்கிட்ட யாரும் சொல்லலையே."

மேஸ்திரி காதைச் சொறிந்தார். அவள் சுற்றிலும் பார்த்தாள். கம்பி கட்டுகிறவர்களில் ஒருவர் பனைமரம் மாதிரி நின்றுகொண்டிருந்தார். "அண்ணே, கொஞ்சம் இங்க வாங்க" என்று அவரைக் கூப்பிட்டு, பீமுக்கு அடியில் வருகிற நான்காவது படியின் உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, அதன்மேல் ஏறி நிற்கச் சொன்னாள். அவர் ஏறினார். நிமிர்ந்தார். நங்கென்று சத்தம் கேட்டது.

"அம்மா!" என்று உச்சந்தலையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

எல்லோரும் சிரித்தார்கள். பேக்கரிக்காரரும் இதே உயரம்தான் என்று யாரோ சொன்னதும் சிரிப்பு நின்றது. மேஸ்திரி பீமைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். படம் மட்டும் காலையில் கைக்கு வந்திருந்தால் இந்நேரம் பலகை அடித்திருப்பார்கள் என்பது அவருக்கும் தெரிந்தது.

அவள் கோடுகளை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, படியின் தொடக்கத்தை வாசல் பக்கமாக ஒரு படி அகலம் தள்ளிப்போட்டாள். இனி பீமுக்கு அடியில் மூன்றாவது படிதான் வரும். மறுபடி நூலைச் சுண்டினாள். உயரமானவரை இந்தத் தடவை கெஞ்சித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. தலைக்கும் பீமுக்கும் நடுவில் அவருடைய கை தாராளமாக நுழைந்தது. "இது போதும், ஆரம்பிங்க" என்றாள். மேஸ்திரி, "சாயங்காலத்துக்குள்ள எனக்குப் படமும் வேணும்மா. சுவத்தப் பேத்து இன்ஜினியர்கிட்ட கொண்டுபோக முடியாது" என்றார்.

வீடு திரும்பியதும் முகம்கூடக் கழுவாமல் பெட்டிமுன் உட்கார்ந்தாள். ஒரு டிஸ்க் கெட்டுப் போகலாம். இரண்டும் ஒரே காலையில் கெடுமா? அப்படியானால் கோளாறு டிஸ்க்கில் இல்லை, பெட்டியில் இருக்கிறது. ஆனால் பெட்டியில் எதையும் மாற்றவில்லையே! அமைப்புப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினாள். காலால் தரையைத் தட்டிக்கொண்டேயிருந்தாள்.

அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். சேலையில் இருந்த நீலத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை, காலையில் பேசாதே என்றதன் கோபம் இன்னும் மிச்சமிருந்தது. ஆனாலும் திரையை ஒரு பார்வை பார்த்தவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"இதென்னடி, ஜனவரி ஒண்ணாம் தேதின்னு போட்டிருக்கு?"

"எங்க?"

"மேலதான், மூலையில. வருஷத்தப் பாரு! அப்ப நான் இன்னும் வேலையிலதான் இருந்தேன். எனக்கு ஒரு முடிகூட நரைக்கல."

காலையிலும் இப்போதும் திருப்புளி அந்தப் பக்கத்தை வரி வரியாகப் பார்த்திருந்தாள். தேதியை மட்டும் பார்க்கவில்லை. முத்திரை குத்தியே ஆயுளைக் கழித்த அக்காவின் கண்ணோ முதலில் அங்கேதான் போயிருந்தது.

திருப்புளி நாற்காலியிலிருந்து துள்ளினாள். டீ மேசையில் சிந்தியது.

"அக்கா! பேட்டரி!"

"என்ன பேட்டரி?"

"உள்ள ஒரு காசு மாதிரி பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதப்ப தேதியையும் அமைப்பையும் ஞாபகம் வெச்சிருக்கிறது அதுதான். அது எப்பவோ செத்திருக்கு. நாம இத பிளக்கிலிருந்து எடுத்ததே இல்ல, கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் தாங்கிக்கும், அதனால தெரியல. இன்னிக்கு டிஸ்க்க மாத்த பிளக்கப் புடுங்கினேன் பாரு, அந்த நொடியே எல்லாத்தையும் மறந்துருச்சு!"

"மறந்தா டிஸ்க்கு ஏன் வரல?"

"டிஸ்க்க எழுப்ப ரெண்டு முறை இருக்கு அக்கா. ஒண்ணு பழைய முறை, ஒண்ணு புது முறை. நம்ம டிஸ்க் பழைய முறை. கடைக்காரர் அதுக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுத்திருக்கணும். இப்ப அது மறந்துபோய் புது முறைக்கே திரும்பிருச்சு. டிஸ்க் கண்ணுக்குத் தெரியுது, எழுப்பத்தான் தெரியல."

அக்கா யோசித்தாள். "அந்த மாதிரி பேட்டரி என் சாப்பாட்டு மிஷின்ல ஒண்ணு இருக்கே" என்றாள். சர்க்கரை வந்ததிலிருந்து அவள் சாப்பாட்டை எடை போட்டுத்தான் சாப்பிடுவாள். அதற்கென்று தட்டையான சின்ன எடை மிஷின் ஒன்று வைத்திருந்தாள். அதைக் கொண்டுவந்து நீட்டும்போது, "இன்னிக்கு மட்டும் அளக்காம சாப்பிட்டுக்கறேன், பரவாயில்ல" என்றாள். அந்தக் குரலில் வருத்தம் துளியும் இல்லை.

பிளக்கைப் பிடுங்கி, செத்த பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்து, இதை வைத்தாள். தேதியைத் திருத்தினாள். எழுப்பும் முறையைப் பழையதாக மாற்றினாள். சேமித்துவிட்டு வெளியே வந்தாள். இருவரும் மூச்சுவிடாமல் திரையைப் பார்த்தார்கள். கறுப்பு. இன்னும் கறுப்பு. பிறகு, பல நாள் வெறுத்துச் சபித்த அந்த வட்டம் வந்து மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. அவளுக்குக் கண் கலங்கியது. அத்தனை அழகான வட்டத்தை அவள் பார்த்ததேயில்லை.

படம் திறந்ததும் முதல் வேலையாக அதை வேறொரு இடத்தில் சேமித்தாள். பிறகு பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

"இப்ப என்னடி பண்ற?"

"புது டிஸ்க்க மாட்டுறேன்."

"ஓடுதேடி! விட்டுத் தொலையேன்!"

விடவில்லை. மாட்டினாள். அக்கா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலைத் தாண்டுவதற்குள் திரை முழுசாக எழுந்து நின்றுவிட்டது. காத்திருக்கத் தயாராக மேசையில் தாளம் போடத் தூக்கிய விரல்கள் அப்படியே அந்தரத்தில் நின்றன.

சுவரில் போட்ட மாதிரியே படியைத் தள்ளி வரைந்து, பீமையும் அதன் உண்மையான தடிமனோடு சேர்த்து, பொழுது சாய்வதற்குள் மேஸ்திரிக்கு அனுப்பினாள். கணவன் வேலை முடிந்து வந்து அவள் கோலத்தைப் பார்த்து, "நீலமா இருக்கே, மூச்சு வருதா?" என்றான். அக்கா தம்பியிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள். தேதியைத் தான் கண்டுபிடித்த இடத்தை இரண்டு தடவை சொன்னாள்.

பெட்டி வேகமாகிவிட்டது. ஆனால் அவளுக்கு அதன்முன் இருப்புக் கொள்ளவில்லை. வேலை சீக்கிரம் முடிந்தது. மீதி நேரத்தில் அந்தப் பூசாத சுவரும், தன் குரலின் எதிரொலியும், கம்பிக்காரர் தலையில் விழுந்த அடியும்தான் நினைவுக்கு வந்தன. இன்னும் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் எதில் இடித்துக்கொள்கிறார்களோ!

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், எப்போதோ வரைந்த ஒரு வீட்டைத் தேடிப்போய்க் கதவைத் தட்டினாள். ஈரக் கையோடு ஒரு பெண் திறந்தாள்.

"இந்த வீட்டு பிளான் நான்தான் போட்டேன். ஒரு தடவ உள்ள வந்து பாக்கலாமா?"

அந்தப் பெண் இவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கதானா அது?" என்றாள். பிறகு நேரே சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய், தொட்டிக்கு மேலே இருந்த ஜன்னலைத் திறந்து காட்டினாள். கதவு பாதி வந்து குழாயில் இடித்து நின்றது.

"நாலு வருஷமா இப்படித்தான். தினமும் உங்கள திட்டிட்டுத்தான் பாத்திரம் தேய்க்கிறேன்."

திருப்புளி ஜன்னலை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். குழாய்க்கும் கதவுக்கும் நடுவில் விரலை வைத்து அளந்தாள்.

"வேற எங்கெல்லாம் திட்டுறீங்க? எல்லாத்தையும் காட்டுங்க" என்றாள்.

அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு, "குளியலறைக்கு வாங்க" என்று முன்னால் நடந்தாள்.